வாசற்படி வரை வந்த வைத்தியம்

மூன்று ஊர்களின் பெயர்கள் தமிழர் வாயில் வசைமொழியாகிவிட்டன. சென்னையில் ஒருவன் பொருத்தமின்றிப் பேசினால், "இவன் கீழ்ப்பாக்கத்தில் இருக்க வேண்டியவன்" என்பர். இலங்கையில், "அங்கொடைக்கு அனுப்ப வேண்டும்" என்பர். நம் மலேசியாவிலோ, பிரிக்பீல்ட்ஸ் கடைத்தெருவிலும் கிள்ளான் தோட்டத்து லயங்களிலும், "தஞ்சோங் ரம்புத்தானுக்கு டிக்கெட் எடுக்கட்டுமா?" என்று கேட்டு நகைப்பர். இம்மூன்றும் மனநோய் வைத்தியசாலைகள் நிற்கும் ஊர்கள். அஃதொன்றே அவை செய்த குற்றம். கண்ணுக்கு வைத்தியம் செய்யும் ஊரை எவரும் ஏச்சாக்கவில்லை. நெஞ்சுக்கு வைத்தியம் செய்யும் ஊரையும் எவரும் இழிக்கவில்லை. மனத்துக்கு வைத்தியம் செய்யும் ஊரை மட்டும் ஏன் இழித்தோம்?

இவ்வினாவுக்கு விடை நம் சரித்திரத்தில் இருக்கின்றது. அவ்விடையை அறிந்துகொண்டால், மருந்து கைக்கெட்டும் தொலைவில் இருக்கும் இக்காலத்திலும் நம்மவர் அதனைத் தீண்ட அஞ்சுவது ஏன் என்பதும் விளங்கும்.

நோயும் அதன் பெயரும்

இங்கே நாம் பேச எடுத்துக்கொண்டது மனச்சிதைவு என்னும் நோய். ஆங்கில வைத்தியர் ஸ்கிட்சோப்ரீனியா என்பது இதனையே. இந்நோய் பற்றியவனுக்கு ஆளில்லாத இடத்தில் குரல் கேட்கும். அக்குரல் ஏசும், ஏவும். அண்டை அயலார் தன்னைக் கொல்லச் சூழ்வதாகத் தோன்றும். எண்ணங்கள் நூலறுந்த மணிகளைப்போற் சிதறும். நாளடைவில் பேச்சுக் குறையும். குளிப்பும் உணவும் மறக்கும். உற்றாரிடத்து அன்பு வற்றியவன் போலவும் இருப்பான். அவன் பொய் புகலவில்லை. அவன் செவியே அவனுக்குப் பொய் புகல்கின்றது.

உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி ஏறத்தாழ 300 பேருக்கு ஒருவரை இந்நோய் பற்றுகின்றது. முந்நூறு பேர் என்றால், ஒரு தோட்டத்தின் காலைப் பெரட்டில் நிற்கும் கூட்டம். பெரும்பாலும் பதினெட்டு வயதை அடுத்தும் இருபதுகளிலும் இது தலைகாட்டும். அதாவது, பிள்ளையின் முதற் சம்பளத்தைத் தாய் கைநீட்டி வாங்கும் பருவத்தில். "எங்கள் தோட்டத்தில் இந்நோய் கிடையாது" என்று எவரேனும் கூறுவாராயின், அங்கே நோய் மறைந்திருக்கின்றது என்றே பெரும்பாலும் பொருள்.

சென்ற நூற்றாண்டின் தொடக்கம்வரை ஐரோப்பிய வைத்தியர் இதனை இளமையிலேயே அறிவு அழிந்துபோகும் நோய் என்னும் பொருள்படவே அழைத்துவந்தனர். எமில் கிரேப்பலின் என்னும் ஜெர்மானிய அறிஞர் நிலைநாட்டிய கருத்து அது. சுவிட்சர்லாந்து நாட்டு அறிஞர் ஆய்கன் புளூலர் அதனை மறுத்தார். எல்லா நோயாளரும் அழிவதில்லை, பலர் தேறுகின்றனர் என்று கண்டு, 1908-இல் பெர்லின் நகரில் ஸ்கிட்சோப்ரீனியா என்னும் புதுப் பெயரைச் சூட்டினார். அவருடைய பெருநூல் 1911-இல் வெளிவந்தது.

அதே 1911-இல்தான் பேராக் மாநிலத்தில், ஈப்போவுக்கு அப்பால், தஞ்சோங் ரம்புத்தானில் மலாய் ஐக்கிய நாடுகளின் பித்தர் விடுதி திறக்கப்பட்டது. இந்நோயாளர் தேறக்கூடும் என்று ஐரோப்பாவில் ஒரு நூல் பிறந்த ஆண்டில், அவரைத் தொலைவில் வைத்துக் காப்பதற்கு இங்கே ஒரு கட்டடம் எழுந்தது.

இரும்புப் பாதை வழியே

தஞ்சோங் ரம்புத்தான் கோலாலம்பூரிலிருந்து 200 கிலோமீட்டருக்கு மேற்பட்ட தொலைவில் இருக்கின்றது. அங்கே ஒரு ரயில் நிலையமும் உண்டு. அந்நாளில் ரயில்வேயில் உழைத்தவருட் பெரும் பகுதியினர் தமிழர். அவர்களிற் பலர் குடியிருந்தது பிரிக்பீல்ட்ஸ் குவார்ட்டர்ஸில். தமிழர் இட்ட தண்டவாளத்தில், தமிழர் கொடி காட்டிய வண்டியில், தமிழ் நோயாளர் வடக்கே சென்றனர்.

அவர்கள் சென்ற வகை எத்தகையது? தோட்டத்தில் இருந்த வைத்தியம் டிரெசர் கையிலிருந்த கொயினா மருந்தும் கட்டுத் துணியுமே. காய்ச்சலுக்கு அது போதும், மனத்துக்குப் போதாது. ஒருவன் இரவில் கூவினால் கங்காணி அதட்டுவார். மறுபடியும் கூவினால் கட்டிவைப்பர். அதற்கும் அடங்காவிட்டால் காவலர் வருவர், நீதிபதி ஆணையிடுவார், வண்டி புறப்படும். நோயாளி குற்றவாளி செல்லும் வழியே சென்றான்.

தோட்டத் தொழிலாளிக்கு அந்நாளில் மதிப்பு அவன் கைகளுக்கு மட்டுமே. 1907-இல் ஏற்பட்ட தமிழர் குடியேற்ற நிதி ஆட்களைக் கப்பலேற்றி இங்கே கொண்டுவரப் பயன்பட்டது. உழைக்கவியலாது போனவரைத் திருப்பிக் கப்பலேற்றவும் பயன்பட்டது. மனம் நொந்தவனுக்கு முன்னிருந்தவை இரண்டே வழிகள்: வடக்கே ரயில், அல்லது மேற்கே கப்பல். இரண்டும் அவனைக் கண்ணுக்கு மறைவாகக் கொண்டுபோயின.

சென்றவனைப் பார்த்துவருவது எளிதோ? 1930-இல் ஆண் தொழிலாளியின் நாட்கூலி 50 காசிலிருந்து 40 காசாக இறங்கியது. பெண்ணின் கூலி 40 காசிலிருந்து 32 காசாயிற்று. கிள்ளானிலிருந்து ஒரு தாய் தன் மகனைக் காணப் புறப்பட்டால், போக வரப் பல நாட்கூலி இழப்பு. ரயில் கட்டணம் வேறு. ஒருமுறை போவாள், மறுமுறை கடிதம் எழுதச் சொல்வாள், பின்னர் அதுவும் நிற்கும். மகன் அங்கேயே மூப்பான், அங்கேயே முடிவான்.

நாம் தேடிய விடை இங்கேதான் கிடைக்கின்றது. அவ்வூர் வசைமொழியானது அங்கே சென்றவர் மீளாமையினால். 1794-இல் சென்னையில் ஒரு தனியார் விடுதியாகத் தொடங்கி 1871-இல் கீழ்ப்பாக்கம் சேர்ந்த வைத்தியசாலையின் கதையும் இதுவே. மீளாதவர் ஊரைச் சுடுகாட்டைப் போல் மக்கள் அஞ்சினர், அவ்வச்சத்தை நகைப்பாக்கிக்கொண்டனர். அக்காலத்தில் அவ்வச்சத்துக்கு ஆதாரம் இருந்தது என்பதை நாம் மறுத்தலாகாது.

மறைந்திருப்பவர் முதலில் மாய்வர்

தொலைவில் வைக்கப்பட்டவர்க்குப் பஞ்சம் வந்தால் நேர்வது யாது என்பதை யுத்தம் காட்டியது. ஜப்பானியர் ஆண்ட 1942 முதல் 1945 வரையிலான காலத்தில் மலாயா முழுவதும் அரிசி அருகியது, மரவள்ளிக்கிழங்கு உணவாயிற்று. வெளியில் இருந்தவன் கிழங்கு நட்டுப் பிழைத்தான். வேலிக்குள் இருந்த மனநோயாளி, பிறர் இட்டால் உண்பவன், பசியாலும் பிணியாலும் மடிந்தான். தஞ்சோங் ரம்புத்தானில் அவ்வாறு மாண்டவர் மிகப் பலர். சயாம் மரண ரயில்வேயில் மாண்ட நம் தோட்டத் தமிழரை நாம் நினைக்கின்றோம், நினைக்கவும் வேண்டும். அதே ஆண்டுகளில் வேலிக்குள் பட்டினியால் மாண்ட இவர்களை நினைப்பார் அரியர்.

ஐரோப்பாவில் நேர்ந்தது இதனினும் கொடிது. ஜெர்மனியில் நாஜி ஆட்சியார் 1940, 1941 ஆகிய ஆண்டுகளில் மனநோயாளரும் ஊனமுற்றோருமாக ஏறத்தாழ 70,000 பேரை நச்சுக்காற்றிட்டுக் கொன்றனர். சாம்பல் நிறப் பேருந்துகளில் ஏற்றிச் சென்ற நோயாளருக்கு நோய் கண்டு இறந்ததாகப் பொய்க் கடிதம் வீட்டுக்குப் போயிற்று. பஞ்சத்திலும் கொடுங்கோன்மையிலும் முதலிற் பலியாகுபவர் உற்றார் கண்ணுக்கு மறைவாக வைக்கப்பட்டவரே என்னும் பாடத்தை நாம் இங்கே குறித்துக்கொள்ள வேண்டும்.

மருந்து பிறந்த கதை

யுத்தத்துக்கு முன்னர் வைத்தியர் கையில் பயனுள்ள மருந்து இல்லை. 1933-இல் இன்சுலின் ஊட்டி மயக்கும் முறை வந்தது; 1934-இல் வலிப்பு உண்டாக்கும் முறை வந்தது; 1938-இல் மின்சாரத்தால் வலிப்பு உண்டாக்கினர்; 1935-இல் தொடங்கி மூளையின் நரம்பிழைகளை அறுத்தும் பார்த்தனர். இருட்டறையில் சாவி தேடுவோரைப் போல் வைத்தியர் உழன்ற காலம் அது.

நம் பழைய வைத்தியத்திலும் ஒரு மூலிகை இருந்தது. சர்ப்பகந்தி என்னும் செடியின் வேர் சித்தப்பிரமைக்கு உதவுவதை நாட்டு வைத்தியர் அறிந்திருந்தனர். 1931-இல் கணநாத சேன், கார்த்திக் சந்திர போஸ் என்னும் இரு வைத்தியர் கல்கத்தாவிலிருந்து அதனைக் குறித்து எழுதினர். 1952-இல் சுவிட்சர்லாந்தில் அவ்வேரின் சத்து ரெசர்ப்பின் என்னும் பெயரால் பிரித்தெடுக்கப்பட்டது. சில ஆண்டுகள் அது உலகெங்கும் மனநோய்க்கு வழங்கியது. பக்க விளைவுகளால் பின்னர் அருகியது.

அதே 1952-இல் பாரிஸ் நகரில், ழான் டிலே, பியேர் டெனிக்கர் என்னும் வைத்தியர் இருவர் குளோர்ப்ரோமசின் என்னும் மருந்தை நோயாளருக்குக் கொடுத்துக் கண்டனர். குரல்கள் தணிந்தன, கூச்சல் அடங்கிற்று, பேசாதிருந்தவர் பேசலாயினர். சில ஆண்டுகளுக்குள் அம்மருந்து உலகெங்கும் பரவியது. பின்னர், வாய்வழி உட்கொள்ள மறப்பவர்க்கும் மறுப்பவர்க்குமாக, சில வாரங்களுக்கு ஒருமுறை இட்டாற் போதுமான ஊசி மருந்தும் வந்தது. ஆக, 1950-களின் நடுவே இந்நோயின் சரித்திரம் இரண்டாகப் பிளந்தது. அதற்கு முன் சென்றவர் மீளார். அதற்குப் பின் சென்றவருட் பலர் மீண்டனர்.

ஆனால் சட்டம் மருந்தைப்போல் விரைந்து நடக்கவில்லை. பாரிஸில் மருந்து கண்ட அதே 1952-இல் மலாயாவில் மனநோயாளர் சட்டம் ஒன்று இயற்றப்பட்டது. வைத்தியத்தைவிடக் காவலையே அது பெரிதும் கருதிற்று. அதனை அகற்றிய மனநலச் சட்டம் 2001-இல் நிறைவேறி, 2010-இல்தான் நடைமுறைக்கு வந்தது. ஐம்பத்தெட்டு ஆண்டுகள் புதிய மருந்தும் பழைய சட்டமும் ஒரே கூரையின்கீழ் குடியிருந்தன.

தொலைவு குறைந்தது

எனினும் வைத்தியம் நம்மை நோக்கி நடந்து வந்துகொண்டேதான் இருந்தது. 1958-இல் பினாங்குப் பொது ஆஸ்பத்திரியில் மனநோய்ப் பிரிவு ஒன்று தொடங்கிற்று. காலொடிந்தவனும் மனமொடிந்தவனும் ஒரே வாயிலில் நுழையலாம் என்னும் நிலை இந்நாட்டில் அப்போதுதான் பிறந்தது. 1966-இல் மலாயாப் பல்கலைக்கழகத்தில் மனநோய் மருத்துவத் துறை அமைந்தது. அப்பல்கலைக்கழக ஆஸ்பத்திரி பிரிக்பீல்ட்ஸிலிருந்து சில கிலோமீட்டர் தொலைவில் நிற்கின்றது. 1971-இல் தஞ்சோங் ரம்புத்தான் வைத்தியசாலைக்கே 'பஹாகியா' என்று புதுப் பெயர் சூட்டினர். மலாய் மொழியில் இன்பம் என்பது அதன் பொருள்.

இன்று கோலாலம்பூர்ப் பொது ஆஸ்பத்திரியிலும் கிள்ளான் பொது ஆஸ்பத்திரியிலும் மனநோய் வைத்தியர் இருக்கின்றனர். அரசாங்கச் சுகாதாரக் கிளினிக்குகளிலும் மனநோய் மருந்து கிடைக்கின்றது. குடிமக்களுக்குக் கிளினிக்கில் 1 வெள்ளி, சிறப்பு வைத்தியரிடம் 5 வெள்ளி. ஒரு தே தாரிக்கும் ரொட்டி சானாய்க்கும் ஆகும் செலவு. 2023-இல் தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய தண்டனைப் பிரிவும் நீக்கப்பட்டது. ஆகவே பிள்ளையைக் காப்பாற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டு செல்லும் தாய், அங்கே காவலர் நிற்பரோ என்று அஞ்ச வேண்டியதில்லை.

ஒன்றை மட்டும் மறக்கலாகாது. நீல அடையாள அட்டை இல்லாத நம்மவர்க்கும், இன்று தோட்டங்களில் நமக்குப் பதில் குலை வெட்டும் வங்காள தேசத்தார், நேப்பாளியர், இந்தோனேசியர் ஆகியோர்க்கும் அந்த 1 வெள்ளி வாயில் திறப்பதில்லை; அவர்க்குக் கட்டணம் பன்மடங்கு. நம் பாட்டன்மார் நின்ற இடத்தில் இன்று அவர்கள் நிற்கின்றனர்.

இவ்வளவும் வந்தபின், நோயாளர் உடனே வைத்தியம் பெறுகின்றனரோ? இல்லை. 2003-இல் தொடங்கிய தேசிய மனநோய்ப் பதிவேடு காட்டிய உண்மை நம்மைத் திடுக்கிடச் செய்வது. மனச்சிதைவின் முதற்குறி தோன்றியதற்கும் நோயாளி முதன்முதல் வைத்தியம் பெற்றதற்கும் இடையே கழிந்த காலம் சராசரியாக இரண்டாண்டுகளுக்கும் மேல்! தஞ்சோங் ரம்புத்தானுக்கு ரயிலில் ஒரே நாளிற் போய்ச் சேரலாம். இந்த இரண்டாண்டுகள் எங்கே கழிகின்றன? வீட்டுக்குள் கழிகின்றன. அஃது எவ்வாறு என்பதை என் குற்றம் ஒன்றைக் கொண்டே கூறுவேன்.

கிராணியின் பேனா

நான் ஒரு செம்பனைத் தோட்டத்துக் கிராணி. ஆங்கிலம் வழியாகக் கல்வி கற்றமையால், தோட்டத்தாருக்குப் படிவம் நிரப்புவதும் ஆஸ்பத்திரியில் மொழிபெயர்ப்பதும் என் மேல் விழுந்த உபரி அலுவல்கள். சில ஆண்டுகளுக்கு முன், குலை வெட்டும் இளைஞன் ஒருவன் பெரட்டுக்கு வராது நின்றான். செம்பனை மட்டைகளுக்குள்ளிருந்து யாரோ தன்னைப் பெயர் சொல்லி ஏசுவதாக அவன் கூறியது லயமெங்கும் பரவியிருந்தது. அன்று மாலை அவன் தாயார் ஆபீஸ் வாயிலில் வந்து நின்றார்.

"காய்ச்சல்னு எழுதிடுங்க தம்பி. இவன் அக்காவுக்கு வரன் பாத்துக்கிட்டிருக்கோம்" என்றார்.

செக்ரோல் புத்தகத்தில் காய்ச்சல் என்று எழுதினேன். இரக்கம் என்று எண்ணியே எழுதினேன். ஆனால் காய்ச்சலுக்கு வைத்தியர் சான்று எங்கே? சான்றில்லாத விடுப்பு வேலைக்கு வராமையாகக் கொள்ளப்படும். தொடர்ந்து இரண்டு நாளுக்கு மேல் வாராதவன் ஒப்பந்தத்தை முறித்தவனாவான். அச்சட்டம் எனக்கு மனப்பாடம். உண்மை நோய்க்கு ஒரு வைத்தியரின் சான்று இருந்திருந்தால், 1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டப்படி அவனுக்குச் சம்பளத்துடன் 14 நாள் நோய் விடுப்பு உண்டு. ஆஸ்பத்திரியில் தங்க நேர்ந்தால் 60 நாள் வரையில் உண்டு. அவன் பெயர் மாத முடிவில் அடிக்கப்பட்டது. அடித்த பேனாவும் என்னுடையதே.

ஓராண்டு மந்திரவாதியிடம் கழிந்தது. தாயத்துக்குக் கம்மல் அடகு போயிற்று. பலிக்கு ஆடு போயிற்று. பின்னர் அவன் உண்ண மறுத்தபோது, வைத்தியரிடம் அழைத்துச் சென்றோம். வைத்தியருக்குத் தமிழ் தெரியாது. நான் இடையில் நின்றேன். குரல் ஏதேனும் கேட்கின்றதா என்று அவர் வினவினார். தாயார் என் கையைப் பற்றி, "தூக்கம் வரலன்னு மட்டும் சொல்லுங்க தம்பி" என்றார். நான் அவ்வண்ணமே ஆங்கிலத்திற் கூறினேன். தூக்க மாத்திரை கிடைத்தது. வைத்தியரைக் குறை கூற இடமில்லை; அவர் செவிக்கு எட்டியது என் சொல் மட்டுமே.

மேலும் ஆறு மாதங்கள் சென்றன. மறுமுறை போனபோது, நான் வாய் திறக்குமுன் அவ்விளைஞன் தனக்குத் தெரிந்த மலாய் மொழியில், "சுவாரா, சுவாரா" என்று தன் செவியைத் தொட்டுக் காட்டினான். சுவாரா என்றால் குரல். தாயும் கிராணியும் கூடி மறைத்த நோயை நோயாளியே ஒரு சொல்லால் வெளிப்படுத்தினான். வைத்தியம் அன்றுதான் தொடங்கியது. இப்போது அவன் மாதம் ஒருமுறை கிளினிக்கில் ஊசி போட்டுக்கொள்கின்றான். நாற்றங்காலில் கன்றுகளுக்கு நீர் விடுகின்றான். குரல் முற்றும் ஒழியவில்லை. சில இரவுகளில் அடுத்த வீட்டு வானொலி போல் மெல்லக் கேட்குமாம். அதனோடு பழகிவிட்டேன் என்கின்றான்.

அவன் இழந்த அவ்விரண்டாண்டுகளில் எனக்குப் பங்குண்டு. என் ஆங்கிலம் அவனுக்குப் பாலமாக வேண்டியிருக்க, மதிலாயிற்று.

தெய்வமும் சங்கிலியும்

மந்திரவாதியை நாடுவது நம் இனத்தார் மட்டும் செய்யும் பிழை என்று எண்ண வேண்டா. இந்நாட்டு மலாய் நோயாளரைப் பற்றி 1996-இல் வெளிவந்த ஓர் ஆய்வில், தம் நோய்க்கு ஆவியோ சூனியமோ காரணம் என்று நம்பியவர் பாதிக்குச் சற்று மேல். அவ்வாறு நம்பியவர் பலர் போமோவிடம் சென்று காலம் கடத்தினர். வைத்தியர் கொடுத்த மருந்தையும் ஒழுங்காக உட்கொள்ளவில்லை.

நம்பிக்கையின் பெயரால் நேர்ந்த பெருங்கொடுமை தமிழ்நாட்டில் நிகழ்ந்தது. இராமநாதபுரம் மாவட்டத்து ஏர்வாடியில், தர்காவை அடுத்துத் தனியார் நடத்திய விடுதி ஒன்றில், 2001 ஆகஸ்டு 6-ஆம் நாள் விடியுமுன் தீப்பிடித்தது. உள்ளே இருந்தவர் சங்கிலியாற் பிணிக்கப்பட்டிருந்தனர். 28 பேர் மாண்டனர். ஓட முடிந்திருந்தால் பிழைத்திருப்பர். பூட்டு ஓட விடவில்லை. இந்தியாவில் 2017-ஆம் ஆண்டுச் சட்டம் மனநோயாளரைச் சங்கிலியிடுவதைத் தடை செய்திருக்கின்றது.

ஆயினும் கோயிலை முழுதும் பழிப்பதும் நேர்மையாகாது. தமிழ்நாட்டுக் கோயில் ஒன்றில் தங்கிய மனநோயாளர் 31 பேரை ஆராய்ந்து, 2002-இல் பெங்களூர் வைத்தியர் சிலர் ஓர் அறிக்கை வெளியிட்டனர். மருந்தின்றி, சராசரி ஆறு வாரம் தங்கியவர்களின் நோய்க்குறி ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைந்திருந்தது. அங்கே சங்கிலி இல்லை. மந்திரச் சடங்குக் கெடுபிடியும் இல்லை. உணவு உண்டு, இடம் உண்டு, கோயிலில் சிறு வேலைகள் உண்டு. ஒவ்வொரு நோயாளியோடும் உறவினர் ஒருவர் உடனிருந்தார். நோயை ஒரளவேனும் தணித்தது அந்த உடனிருப்பே போலும். ஆகவே, கோயிலுக்குப் போகின்றவர் போகட்டும். உடனிருக்கும் உறவினர் மறுநாட் காலை நோயாளியைக் கிளினிக்குக்கும் அழைத்துச் செல்லட்டும். தெய்வம் அதற்குச் சினங்கொள்ளாது.

இவ்விரண்டும் சேர்ந்தால் விளையும் பயனுக்குச் சென்னையே சான்று. கீழ்ப்பாக்கம் வைத்தியசாலையின் தலைமையில் இருந்த டாக்டர் சாரதா மேனன் அம்மையார், பணியிலிருந்து ஓய்வு பெற்றபின், 1984-இல் மனச்சிதைவுக்கென்றே ஸ்கார்ப் என்னும் ஆராய்ச்சி நிறுவனத்தை நிறுவினார். சென்னையில் 1981 முதல், முதன்முறை நோயுற்ற 90 பேரைத் தேர்ந்து, ஆண்டுக்கணக்கில் பின்தொடர்ந்தனர். பத்தாம் ஆண்டின் முடிவில் தொடர்பில் இருந்தவருட் பெரும்பாலோர் நோய்க்குறி நீங்கியிருந்தனர். அவர்களில் மணம் புரிந்தவரும் உண்டு, வேலை பார்த்தவரும் உண்டு. மீளாத ஊர் என்று வசைபாடப்பட்ட கீழ்ப்பாக்கம் அதே நகரில்தான் இருக்கின்றது.

சொல்லை மாற்றினால்

சொல்லில் என்ன இருக்கின்றது என்பாருக்கு ஜப்பான் விடை கூறும். அந்நாட்டில் இந்நோய்க்கு வழங்கிய பழம்பெயர் 'மனம் பிளந்த நோய்' என்னும் பொருளுடையது. அப்பெயரைக் கேட்டால் குடும்பமே தலைகுனியும். வைத்தியரும் நோயாளியிடம் அதனைக் கூறக் கூசினர். நோயாளர் குடும்பத்தார் வேண்டுகோளின்மேல், 2002-இல் அப்பெயரை நீக்கி, 'ஒருங்கிணைப்புக் குலைவு' என்னும் பொருள்படும் புதுப் பெயரை ஏற்றனர். அதன்பின் சில ஆண்டுகளுக்குள், தம் நோய் இன்னதென்று வைத்தியர் வாயால் அறிந்துகொண்ட நோயாளரின் தொகை ஏறத்தாழ இரு மடங்காயிற்று. நோய் மாறவில்லை, மருந்து மாறவில்லை. சொல் மாறியது, வாய் திறந்தது.

நாமோ வியப்புக்குரிய மக்கள். இறைவனைப் பித்தன் என்று பாடிய சுந்தரரைப் போற்றுகின்றோம். தம்மைப் பேய் என்று கூறிக்கொண்ட காரைக்காலம்மையாருக்குச் சிலை எடுக்கின்றோம். அடுத்த வீட்டுப் பிள்ளைக்கு அந்நிலை வந்தால் மட்டும் கதவைச் சாத்துகின்றோம்.

வைத்தியம் வாராமையால் நம் முன்னோர் வருந்தினர். வைத்தியம் வந்து வாசலில் நிற்கவும் நாம் வருந்துகின்றோம். தஞ்சோங் ரம்புத்தானிலிருந்து ஈப்போவுக்கும், ஈப்போவிலிருந்து கோலாலம்பூருக்கும், அங்கிருந்து கிள்ளான் கிளினிக்குக்கும் அது நூறாண்டு நடந்து வந்திருக்கின்றது. எஞ்சியிருப்பது எங்கள் லயத்து வாசற்படி ஒன்றே. அதனை அது தானாகத் தாண்டாது. உள்ளிருப்பவர் திறக்க வேண்டும்.

திறப்பதற்குப் பெரிய மாநாடு வேண்டியதில்லை. வைத்தியர் முன் தாய் உள்ளதை உள்ளபடி கூறட்டும். மொழிபெயர்ப்பவன் கேட்டதைக் கேட்டபடி பெயர்க்கட்டும். நோயின் பெயரைக் கடைத்தெருவில் கூவ வேண்டுவதில்லை. செக்ரோலில் நோய் விடுப்பு என்று எழுதி, வைத்தியர் சான்றை இணைத்தாற் போதும். பெண் கேட்டு வருபவர், அவ்வீட்டில் நோயாளி உண்டோ என்று மட்டும் கேளாது, அவனுக்கு வைத்தியம் நடக்கின்றதோ என்றும் கேட்கட்டும். "தஞ்சோங் ரம்புத்தானுக்கு டிக்கெட் எடுக்கட்டுமா?" என்று எவரேனும் நகைத்தால், அங்கிருந்து திரும்பி வருவதற்கும் டிக்கெட் உண்டு என்று நாம் கூறுவோமாக.